கொரியாக் கைதியும் என் கல்யாணமும்

எனக்கும் என் அத்தானுக்கும் கல்யாணம் தள்ளிப்போனபோது ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜாதகம் சேரவில்லை என்றார்கள். நகையில் தகராறு என்றார்கள். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி, அதனால்தான் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அக்காள் குழாயடியில் சொன்னதாகவும் காதில் விழுந்தது. வாய் ஜாஸ்திதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் இது எதுவுமே இல்லை. காரணம் கொரியாச் சண்டை. இதைச் சொன்னால் தென்காசியில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

என் அப்பா தென்காசி ரதவீதியில் காப்பி கிளப் வைத்திருந்தார். முன்கட்டு கிளப், பின்கட்டு வீடு, நடுவில் ஒரு கதவு. மாவாட்டுவது, வடை சுடுவது, சட்னி அரைப்பது எல்லாம் அம்மா. கல்லாவில் உட்கார்ந்து உலக விவகாரம் பேசுவது அப்பா. பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படிக்க அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டபடியால் நான் அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கிளப்பில் பேசுகிற பேச்சு ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும். அந்தக் காலத்துத் தென்காசியில் என் அளவுக்கு வெளிநாட்டு விவகாரம் தெரிந்த பெண் இருந்திருக்க மாட்டாள். என்னிடம் கேட்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அதே தெருவில் மாமாவுக்குப் பலசரக்குக் கடை. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், அத்தானுடைய அப்பா. காலையில் கடை திறப்பதற்கு முன் கிளப்பில் ஒரு காப்பி, சாயந்தரம் ஒரு காப்பி என்று அவருக்குக் கணக்கு. அப்பாவும் அவரும் உறவாவதற்கு முன்னாலேயே சிநேகிதர்கள். நான் பிறந்த அன்றைக்கே, இவள் இவனுக்குத்தான் என்று பேசி வைத்துவிட்டார்கள். அத்தானுக்கு அப்போது ஐந்து வயது. அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐம்பதாம் வருஷம் கொரியாவில் சண்டை ஆரம்பித்ததும் கிளப்புக்குள்ளும் ஆரம்பித்தது. அப்பா வடக்குக் கட்சி, மாமா தெற்குக் கட்சி. பத்திரிகை ஒன்றுதான் வரும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் நடுவில் புகுந்து சண்டை போடுவார்கள். நாளாவட்டத்தில் அப்பாவின் ஆட்கள் எல்லாரும் உள்பக்க மேசையிலும் மாமாவின் ஆட்கள் எல்லாரும் வாசல்பக்க மேசையிலும் உட்கார ஆரம்பித்தார்கள். நடுவில் தண்ணீர்ப் பானை. அந்தப் பானைதான் எல்லை. பரிமாறுகிறவர் சமையல்கட்டைப் பார்த்து, "வடகொரியாவுக்கு ரெண்டு வடை, தென்கொரியாவுக்கு ஒரு காப்பி" என்று குரல் கொடுப்பார். வேடிக்கைக்காக ஆரம்பித்ததுதான். கொஞ்ச நாளில் அது வேடிக்கை இல்லாமல் போயிற்று. கைத்தறி நெசவுக்காரர் ஒருவர் இடம் இல்லாமல் தப்பு மேசையில் உட்கார்ந்துவிட்டார் என்று அவருடைய ஆட்களே அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. பின்னால் அறுபதுகளில் வியட்நாம் சண்டை வந்தபோதும் அதே மேசைகள்தான், அதே கத்தல்தான். ஆனால் அதற்குள் எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது, குரலும் இறங்கிவிட்டது.

கொரியாவில் சண்டை நின்றது. எங்கள் தலைவலி அதற்குப் பிறகுதான். சண்டையில் பிடிபட்ட வடக்கத்திக் கைதிகளில் ஏராளமானவர்கள், சொந்த ஊருக்குத் திரும்பிப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். போக மாட்டோம் என்பது அவர்களே சொல்வதா, யாராவது மிரட்டிச் சொல்ல வைப்பதா என்று இரண்டு தரப்புக்கும் சண்டை. ஒவ்வொரு கைதியையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது, அதுவரைக்கும் இந்தியப் பட்டாளம் அவர்களைக் காவல் காப்பது என்று முடிவாயிற்று. ஏற்கெனவே பட்டாளத்தில் ஆஸ்பத்திரிச் சிப்பாயாக இருந்த என் அத்தானும் அவர்களோடு மதராஸில் கப்பல் ஏறினார்.

அவ்வளவுதான். கிளப்பில் வானம் இடிந்து விழுந்தது.

"பிடிச்ச ஆளை அவன் வீட்டுக்கு அனுப்பணும். இதுல என்னவே கேள்வி, பதிலு? ஒம்ம மவன் அந்நியனுக்குக் காவக்காரனாப் போயிருக்கான்" என்று அப்பா கல்லாவிலிருந்து சொன்னார்.

"போக மாட்டேங்கவனைக் கையைக் காலைக் கட்டியா அனுப்புவீரு?" என்றார் மாமா. "எம் மவன் ஒரு உசுரும் போயிரக் கூடாதுன்னு போயிருக்கான்."

கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே, "அங்கன என்ன குளிரோ, அந்தப் பிள்ளைக்குக் கம்பளி குடுத்தாகளோ என்னமோ. அதை ஒருத்தரும் கேக்கக் காணும்" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அத்தான் திரும்பி வந்தார். பட்டாளத்து ஒப்பந்தமும் முடிந்துவிட்டபடியால் தென்காசியிலேயே ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தார். கறுத்து மெலிந்திருந்தார். கொரியாவைப் பற்றி யார் கேட்டாலும், "குளிரு ஜாஸ்தி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கல்லுளிமங்கன் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அவர் கிளப்புக்கு வந்தால் கதவிடுக்கு வழியாகப் பார்க்காமலும் இருந்ததில்லை. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடந்தது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அதற்குள் குற்றாலத்தில் சீசன் வந்தது. சாரல் விழுந்தால் தென்காசிக்காரனுக்கு வீட்டில் கால் தங்காது. எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். வெளியூர்க் கூட்டமும் வந்துவிடும். அந்த வருஷம் தென்காசியில் உள்ள வாசகசாலைக்காரர்கள் சேர்ந்து, சீசன் கூட்டத்துக்காகக் குற்றாலத்தில் பந்தல் போட்டு வழக்காடு மன்றம் ஒன்று நடத்தினார்கள். நிஜக் கோர்ட்டு மாதிரியே நீதிபதி, வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாம் உண்டு. வழக்கு என்ன தெரியுமா? பிடிபட்ட கைதியை அவன் நாட்டுக்கே அனுப்புவது முறையா, அவன் விரும்புகிற நாட்டுக்கு அனுப்புவது முறையா. அவன் நாட்டுக்கே அனுப்ப வேண்டும் என்று வாதாடுகிறவர் என் அப்பா. விரும்புகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வாதாடுகிறவர் என் மாமா. நீதிபதி, தென்காசியில் நிஜமாகவே வக்கீலாக இருந்த ஒருவர். சாட்சி, என் அத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்கள்.

அம்மாவும் நானும் பெண்கள் பக்கத்தில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து "ஏலே, தண்ணியைக் கொண்டாலே" என்று கத்துகிற என் அப்பா, மேடையில் ஏறியதும் செந்தமிழில் பொழிய ஆரம்பித்தார். "தாயைப் பிரிந்த பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பதற்கு ஒரு வழக்கும் வேண்டுமோ?" என்று கேட்டுவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமாவும் விடவில்லை. "கட்டி இழுத்துக்கொண்டு போய் விடுவதற்கு அவன் என்ன சந்தையில் வாங்கிய மாடா?" என்று மேசையில் ஓங்கிக் குத்தினார். இரண்டு பேருக்கும் நல்ல கைதட்டல்.

பிறகு அத்தானைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மேடைத் தமிழ் தெரியாது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்பா கேட்டார்: "ஊருக்குப் போகணும்னு ஆசைப்பட்டவனை, கூட இருந்த கைதிகளே அடிச்சுத் தடுத்தது உண்டா, இல்லையா?"

"உண்டு" என்றார் அத்தான். ஒரு பக்கம் கைதட்டல்.

மாமா எழுந்தார். "போகவே மாட்டேன்னு தரையில விழுந்து அழுதவன் உண்டா, இல்லையா?"

"உண்டு." மறுபக்கம் கைதட்டல்.

நீதிபதி வக்கீல் சிரித்துக்கொண்டே, "இப்படி ஆளுக்கொரு உண்டு போட்டால் நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? நீர் கண்டதைக் கண்டபடி சொல்லும்" என்றார்.

அத்தான் சொன்னார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"ஒரு ஆளு. என் வயசுதான் இருக்கும். வெள்ளாமை பாக்கிறவன். வயித்து நோவுன்னு எங்க ஆஸ்பத்திரிக் கூடாரத்துல கெடந்தான். நான்தான் கஞ்சி குடுப்பேன். அவன் முறை வந்த அன்னைக்கி நடக்க முடியல. தோளக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். விசாரிக்கிற கூடாரத்துக்கு ரெண்டு வாசல். ஒண்ணுல போனா சொந்த ஊரு. இன்னொண்ணுல போனா மறுபடி முகாமு, அப்புறம் வேற தேசம். அவுக தேசத்து ஆபீசருக எதுத்தாப்புல இருந்து ரொம்ப நேரம் பேசினாக. இவன் வாயத் தொறக்கல. கடைசியில ஒண்ணு கேட்டான். பாஷை தெரிஞ்ச ஆளு அதை இங்கிலீஷ்ல சொன்னான். நான் வரலேன்னா எங்க அம்மாவ என்ன செய்வீக? நான் வந்தேன்னா, முகாமுல இருக்கிற என் தம்பிய அங்க உள்ள மத்த கைதிக என்ன செய்வாக? அம்புட்டுத்தான் கேட்டான்."

"என்ன பதில் சொன்னாக?" என்று நீதிபதி கேட்டார். அவர் செந்தமிழை விட்டுவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"ஒருத்தரும் பதில் சொல்லல."

"பொறவு?"

"பொறவு எந்திரிச்சி ஒரு வாசல்ல போயிட்டான்."

"எந்த வாசல்?" இதை யார் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. பந்தல் முழுக்கக் கேட்டது. எந்தப் பக்கம் போனான், ஊருக்கா, முகாமுக்கா என்று நாலா பக்கமும் குரல். அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமாவும்தான்.

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான். "சொன்னா இங்கன பாதிப் பேரு கை தட்டுவீக. அவன் போனது கை தட்டுததுக்கு இல்ல."

சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். என் பக்கத்தில் அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அதோடு கூட்டத்தை முடித்திருந்தால் என் கல்யாணம் ஆவணியில் நடந்திருக்கும்.

வக்கீலுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. சாட்சி சொன்ன முறையிலேயே தீர்ப்பையும் சபையிடம் விட்டுவிடுவோம் என்றார். பந்தலுக்கு இரண்டு வாசல் இருந்தது. கைதியைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறவர்கள் அருவிப்பக்க வாசல் வழியாகப் போகட்டும், விரும்பிய நாட்டுக்கு என்கிறவர்கள் பஸ் நிற்கிற பக்கத்து வாசல் வழியாகப் போகட்டும், வாசலில் நின்று எண்ணிக்கொள்வோம் என்று அறிவித்தார். நல்ல யோசனை என்று கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே வாசல்தான், அதுவும் சமையல் அடுப்புக்குப் பின்னால். எங்களை எண்ண ஒருத்தரும் வரவில்லை. உலகத்தில் எவனெவனுக்கோ இஷ்டம் கேட்கிறார்கள், எங்களுக்கு வாசலே ஒன்றுதானா என்று நான் சத்தமாகவே சொன்னேன். "ஏட்டி, சும்மா கெட" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

ஆண்கள் எழுந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, கொட்டு மழை. அருவிப்பக்கம் முழங்கால் சேறு. பஸ் பக்கத்திலோ டீக்கடைகள் இருக்கின்றன, ஓட்டுக் கூரை இருக்கிறது, கடைசிப் பஸ்ஸும் நிற்கிறது. கொள்கையாவது ஒன்றாவது. மொத்தக் கூட்டமும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்க வாசலில் விழுந்தடித்து ஓடியது. உள்பக்க மேசையில் உட்கார்ந்து நாலு வருஷமாக அப்பாவுக்கு ஆமாம் போட்டவர்கள் எல்லாரும் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அருவிப்பக்க வாசல் வழியாகப் போன ஆள் என் அப்பா மட்டும்தான். தன்னந்தனியாக, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, நனைந்துகொண்டே தென்காசி வரைக்கும் நடந்து வந்தார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மாமா கிளப்புக்கு வந்து, "என்ன மச்சான், தீர்ப்பு ஆயிட்டுல்லா?" என்று கேட்டார். தமாஷாகத்தான் கேட்டிருப்பார்.

"மழையை வச்சு ஜெயிச்சவனுக்கு என்ன பேச்சு?" என்றார் அப்பா. "ஒம்ம மவன் வாயத் தொறந்து சொல்லட்டும், அந்த ஆளு எந்த வாசல்ல போனாம்னு. ஊருக்குத்தான் போயிருப்பான். அதைச் சொன்னா ஒம்ம கட்சி செத்துரும்னுதான் மறைக்கான். அவன் அதைச் சொல்லுத வரைக்கும் எம் மவளைக் குடுக்க முடியாது."

"அவன் முகாமுக்குத்தான் போயிருப்பான். மாமனாருக்குப் பயந்து எம் மவன் மறைக்கான்" என்று மாமாவும் எகிறினார். "சொல்லாம நானும் தாலி வாங்க மாட்டேன்."

காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் கிளப் வாசலை மிதிக்கவில்லை.

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் கூத்தாடிதான். அத்தான் மருந்து கலக்குகிற இடத்துக்கே போய், "எனக்கு மட்டும் சொல்லும் அண்ணாச்சி, வெளிய விட மாட்டேன்" என்று கேட்டவர்கள் உண்டு. இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்கூட, மருந்தை மறந்துவிட்டு அதைத்தான் கேட்டார்களாம். அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஆவணி போயிற்று. ஐப்பசியிலும் முகூர்த்தம் வைக்கவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அத்தான் ஒருநாள் மருந்து கொண்டுவந்தார். பின்வாசல் வழியாக வந்தார். அப்பா கல்லாவில் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அந்த வாசலைச் சொல்லித் தொலைச்சா என்ன கொறஞ்சா போகும்? எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்க. எந்தத் தேசத்திலயோ இருக்கவனுக்காக நான் இங்கன காத்துக் கெடக்கணுமா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "சொல்லிட்டேம்னு வையி. ஒங்க அப்பா அவனை ஒரு மேசையில உக்கார வைப்பாக. எங்க அப்பா ஏசுவாக. தெனமும் காலையில அவனை வச்சு ஒரு சண்டை நடக்கும். அவன் எனக்குத் தெரிஞ்ச ஆளுட்டி. என் கையால கஞ்சி குடிச்சவன்" என்றார். மருந்தை வேளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. அன்றைக்கு அரைத்த சட்னியில் உப்புப் போட மறந்தேன்.

கடைசியில் அம்மாதான் அதை உடைத்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு, தை பிறந்த வாரத்தில், ஒருநாள் காலையில் அவள் அடுப்பை மூட்டவில்லை. கிளப்பில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்னட்டி, வடை எங்க?" என்றார்.

"வடக்குக்கும் வடை கெடையாது, தெக்குக்கும் வடை கெடையாது" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ரங்கூன்ல இருந்த ஒங்க தம்பி, சப்பான்காரன் சண்டையில எங்க போனாகன்னு தெரியாம போச்சு" என்று அவள் ஆரம்பித்தாள். "ஒங்க அம்மா சாகுத வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தாக. அதனால பிடிச்ச ஆளை எல்லாம் வீட்டுக்கு அனுப்புங்கன்னு நீங்க கத்துதிய. எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் சின்ன வயசுல கீழப்பாவூரை விட்டு ஓடிப்போனான். எங்க அப்பா வில்லுவண்டியில கட்டிவச்சுக் கொண்டாந்தாக. கையில இருந்த கயித்துத் தழும்பு இன்னும் போகல. அதனால ஒருத்தனையும் இழுத்துட்டுப் போகாதீகன்னு அவன் கத்துதான். இதுக்குக் கொரியா எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் இதை ஒரு நாளாவது ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருக்கியளா?"

அப்பா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். வந்தவர்களுக்கு நான்தான் வெறும் காப்பி கலந்து கொடுத்தேன்.

மத்தியானம் அப்பாவும் மாமாவும் தலை ஈரத்தோடு சேர்ந்து வந்தார்கள். குற்றாலத்துக்குப் போய், மெலிந்து விழுகிற தைமாதத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமாவின் கண் சிவந்திருந்தது. அருவித் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றார். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். மாசியில் கல்யாணம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. அத்தானையோ என்னையோ யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பிறந்த அன்றைக்கே பேசி முடித்ததைத் திரும்ப எதற்குக் கேட்க வேண்டும்?

நிச்சயத் தாம்பூலத்துக்கு மாமா வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் வைத்தாயிற்று. தட்டு மாற்றப் போகிற நேரத்தில் அத்தான் எழுந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம். அவகிட்ட நான் தனியாக் கேக்கணும்."

"என்னத்தக் கேக்கணும்?" என்றார் அப்பா.

"சம்மதமான்னு கேக்கணும்."

கூடத்தில் சலசலப்பு. இது என்ன புதுப் பழக்கம் என்று அத்தை, அத்தானுடைய அம்மா, மோவாயில் கை வைத்தாள். முறைப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிறவனை நான் பார்த்ததே இல்லை என்று ஒரு பெரியவர் சொன்னார். மாமா அவரைக் கையமர்த்தினார். "கேக்கட்டும். என்னை ஒருத்தரும் கேக்கல" என்று அம்மா சொன்னாள். அப்பா கையில் எடுத்த தட்டைத் திரும்பப் பாயில் வைத்தார்.

பின்வாசலில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் நின்றோம். நான் ஆட்டுரல் குழவியைப் பிடித்துக்கொண்டேன். கோபமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றார். "ஒனக்கு இஷ்டமில்லேன்னா இப்பமே சொல்லிரு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேம்னு நான் போய்ச் சொல்லுதேன். பழி எம்மேல. ஒங்க அப்பாவும் எங்க அப்பாவும் என்னையத்தான் ஏசுவாக. ஒம்மேல ஒரு சொல்லு விழாது. அவுக மறுபடி பேசாம போனாலும் அது என்னாலதான். நீ யாருக்காகவும் யோசிக்க வேண்டாம். ஒனக்காக மட்டும் சொல்லு."

பத்தொன்பது வயதுவரை என்னிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. என்ன படிக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்றுகூட இந்த மாதிரிக் கேட்டதில்லை. வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கிய எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனசில் வந்ததெல்லாம் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷன்தான்.

"அத்தான், அந்த ஆளுகிட்ட இப்படிச் சொல்ல அங்கன ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டேன்.



"இல்ல" என்றார். "வாசல் வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தான். வாசல்ல நின்னு என்னையப் பாத்து என்னமோ கேட்டான். எனக்குப் பாஷை தெரியலட்டி" என்றார்.

அவர் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றேன்.

"அவுகளுக்காகச் சொல்லலையே?"

"எனக்காகத்தான்." அது சத்தியம்.

உள்ளே போய்த் தாம்பூலத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் என்றால் இப்படித்தான், எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை முதுகைத் தடவிக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அத்தானுக்கு மட்டும் நான் யாருக்காக அழுகிறேன் என்று தெரியும். அந்த மனுஷன் வாசலில் நின்று என்ன கேட்டான் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் தெரியவில்லை.